துண்டில் எழுதிக் கொடுத்த முகவரி

பயிற்சி வகுப்பின் கடைசி நாளில் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மிஸ், ஒரு ஆளை வேற இடத்துக்கு அனுப்பிவிட்டா எங்கட பொறுப்பு அதோட முடிஞ்சுதா?" அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டீர்கள். நானும் ஏதோ சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உளவளத்துணை உத்தியோகத்தராக இருபத்தாறு வருடம் வேலை செய்த நான், அதற்கான பதிலை ஒரு சனிக்கிழமை பின்னேரம், திருகோணமலை உள்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு தையல் வகுப்பில்தான் கற்றேன். அதுவும் வேலைக்கு வந்து இருபது வருடம் கழிந்த பிறகு.

சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரை மாத்துங்கோ மிஸ், ஊரை மாத்த வேண்டாம்," என்றார். ஆகவே அவரை நாயகம் என்று வைத்துக்கொள்வோம். ஊர் குச்சவெளி. தொழில் படகு எஞ்சின் திருத்துவது. அந்தக் கரையில் எவருடைய எஞ்சின் நின்றாலும் முதலில் நாயகத்தின் பெயரைத்தான் சொல்வார்கள் என்றொரு காலம் இருந்ததாம். நான் அவரைக் கண்டபோது அந்தக் காலம் போய்விட்டிருந்தது. எஞ்சின் கொண்டுவருபவர்கள் அவர் வீட்டைத் தாண்டி நிலாவெளிக்குப் போனார்கள். குடி அவரை அந்த இடத்தில் கொண்டுவந்து விட்டிருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி றீற்றா சொல்லியிருந்தார். அவர் சும்மா சொல்கிற பெண் இல்லை.

நாயகம் தானாகவே வைத்தியசாலைக்குப் போய் ஒன்பது நாள் வார்ட்டில் இருந்தார். பிறகு என்னிடம் அனுப்பினார்கள். மூன்று புதன்கிழமைகள் வந்தார். நேரத்துக்கு வருவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு சொல் வராது. மூன்றாவது புதன்கிழமை எழும்பப் போகும்போது கேட்டார்:

"மிஸ், குடியை விட்ட ஆக்கள் கூடிக் கதைக்கிற இடங்கள் இருக்காம் எண்டு வார்ட்டில ஒருத்தர் சொன்னவர். இஞ்ச எங்கயாவது இருக்கோ?"

இருக்கிறது என்றேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் இருந்தது. சட்ட உதவி, பெண்களுக்கான தங்குமிடம், வாய்பேச முடியாத பிள்ளைகளுக்கான வகுப்பு என்று எல்லா இடங்களும் அதில் இருந்தன. நானே தட்டச்சு செய்தது, எனக்கு அதில் பெருமையும் உண்டு. குடியிலிருந்து மீள்வோர் கூட்டத்துக்கு ஒரு வரி இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி, நகரத்தில் இன்ன மண்டபம். ஒரு கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் எப்போதோ சொன்னதைக் கேட்டு எழுதிய வரி அது. அந்த மண்டபத்தின் வாசலை நான் மிதித்ததில்லை. முகவரியை ஒரு துண்டில் அழகாகப் பெயர்த்தெழுதிக் கொடுத்தேன். நாயகம் அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் போன பிறகு கோப்பில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று எழுதி, திகதி போட்டு மூடினேன். ஒரு வேலை முடிந்த நிம்மதி எனக்கு இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

சனிக்கிழமை நாலரை மணிக்கு மேல் என் தொலைபேசி அடித்தது. நான் வீட்டில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மிஸ், நான் நாயகம். இஞ்ச கூட்டம் இல்லை. தையல் வகுப்புத்தான் நடக்குது."

"வடிவாப் பாருங்கோ, பின்பக்கமா இருக்கும்."

"பாத்தனான் மிஸ். காவல்காரரையும் கேட்டனான். அது நிண்டு ஒரு வருசத்துக்கு மேலயாம். வந்த அஞ்சாறு பேரும் ஒவ்வொருத்தரா வாறதை விட்டிட்டினமாம்."

உத்தியோகத்தர்களுக்கு பிழை பிடிபடும் நேரத்தில் வருகிற முதல் சொல் எதுவோ அதைத்தான் நானும் சொன்னேன். "சரி, நீங்கள் வீட்டுக்குப் போங்கோ. திங்கக்கிழமை ஒஃபிசுக்கு வாங்கோ, பாப்பம்."

வாகனங்கள் போகும் இரைச்சல் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ரோட்டுக்கு அங்கால ஒரு பார் இருக்கு மிஸ். நான் அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். திங்கக்கிழமை சரியான தூரம்."

பிள்ளைகளே, நம்முடைய தொழிலில் ஒருவர் உதவி கேட்டுக் கத்துவது அபூர்வம். பெரும்பாலும் இப்படித்தான், மரியாதையான ஒரு வசனத்துக்குள் வைத்துச் சொல்வார்கள். வேலை நேரம் முடிந்துவிட்டது, வெளியில் போய்ச் சந்திப்பது விதிமுறையா, மேலதிகாரி என்ன சொல்வார், இவ்வளவும் ஒரு மூச்சில் என் தலைக்குள் ஓடியது. "அங்கேயே நில்லுங்கோ, வாறன்" என்று என் வாய் சொன்னது. உடுப்பை வாளியிலேயே விட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன்.

போகிற வழியெல்லாம் அவர் நிற்க மாட்டார் என்றே நினைத்தேன். மண்டப வாசலில் உண்மையிலேயே ஆள் இல்லை. எதிர்ப்பக்கம் பாரின் படியைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், பதினைந்து பெண் பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு தையல் மெஷினைத் தலைகீழாகப் புரட்டி வைத்துவிட்டு நாயகம் தரையில் குந்தியிருக்கிறார். தையல் ரீச்சர் பக்கத்தில் ஸ்க்ரூட்ரைவரோடு நிற்கிறார்.

"இந்த அண்ணை வாசல்ல நிண்டவர். வெயிலுக்க நிக்காமல் உள்ள இருங்கோ எண்டு கதிரை குடுத்தனான். இந்த மெஷின் ரெண்டு மாசமா ஓடேல்லை, பாக்கட்டோ எண்டு கேட்டவர்," என்றார் ரீச்சர்.

நாயகம் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "சும்மா இருந்தா எழும்பிப் போயிடுவன் மிஸ். அதுதான் கையில வேலையை எடுத்தனான்."

எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தை எப்படித் தாண்டுவது என்று அவரே கண்டுபிடித்திருந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டுமோ அதை ஒரு தையல் ரீச்சர், எதற்காக வந்து நிற்கிறார் என்றுகூடக் கேட்காமல், ஒரு கதிரையைக் கொடுத்துச் செய்திருந்தார்.

மெஷின் ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்கள் வெளியே வந்து மதில் ஓரமாக நின்றோம்.

"நாயகம், பிழை என்னிலதான். நான் வந்து பாக்காமல் உங்களை அனுப்பிப்போட்டன்."

"அது பரவாயில்லை மிஸ். இப்ப வீட்டை போய் என்ன சொல்றது? கூட்டம் இல்லை எண்டா றீற்றா நம்புவாவோ? எத்தினை தரம் பொய் சொல்லிப்போட்டன். இண்டைக்குத்தான் உண்மை, அதுவும் பொய் மாதிரித்தான் கேக்கும்."

இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. பிழையான முகவரி ஒன்று அவருடைய ஒரு பின்னேரத்தை மட்டும் வீணாக்கவில்லை. மூன்று கிழமை குடிக்காமல் இருந்து வீட்டில் அவர் சேர்த்த நம்பிக்கையையும் அது கொண்டுபோகப் பார்த்தது. நான் றீற்றாவுக்கு அழைத்தேன். என் உத்தியோகத்தைச் சொல்லி, நான் கொடுத்த முகவரி பிழை, உங்கள் கணவர் சொன்ன நேரத்துக்கு வந்தவர், குடிக்கவில்லை, இப்போது என் முன்னால் நிற்கிறார் என்றேன்.

"நீங்கள் சொல்லாட்டி நான் நம்பியிருக்க மாட்டன் மிஸ்," என்றார். பிறகு, "ஆறு மணி பஸ்ஸில வரச் சொல்லுங்கோ. புட்டு அவிக்கிறன்."

இருபது வருடத்தில் பொதுசனம் ஒருவரிடம் 'என் பிழை' என்று நான் சொன்னது அதுதான் முதல் தரம். சொன்ன பிறகு ஒன்றும் இடிந்து விழவில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. "வேற இடமே இல்லையோ மிஸ்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் ஒன்று இருந்தது. சீனன்குடாவில், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய வாசிகசாலையில் கூடுவதாக எனக்குத் தெரியும். அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. கூட்டம் சிங்களத்தில் நடக்கிறது, தமிழ் ஆட்களை அங்கே அனுப்பி என்ன பயன் என்று நானே ஒரு நாள் தீர்மானித்து விட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

"ஒண்டு இருக்கு. ஆனா சிங்களத்தில."

நாயகம் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "நான் என்ன தமிழிலயோ குடிச்சனான் மிஸ்?"

இந்தத் தரம் துண்டில் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. துறைமுகச் சுகாதாரப் பிரிவில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்த இடத்திலிருந்தே அழைத்தேன். கூட்டம் நடக்கிறதா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எவரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். போன ஞாயிறு கதவு திறந்திருந்ததை நீங்கள் கண்ணால் கண்டீர்களா என்று கேட்டேன். அவருடைய மைத்துனரே அங்கே போய் வருகிறவர். அவரைக் கொண்டுபோய் விட்டபோது கண்டேன் என்றார். அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு வாசலில் யார் நிற்பார் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு நானும் போனேன். சொன்னபடியே கேற்றடியில் ஒருவர் நின்றார். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் படகில் முப்பது வருடம் வேலை செய்த மனிதர். தலை முழுக்க நரை, வெள்ளைச் சேட்டு, அகலமான தோள். "வாங்க, வாங்க," என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாயகத்தின் முதுகில் கை வைத்து உள்ளே அழைத்துப் போனார். நான் பின்னால் போக, திரும்பி நின்று, சிரித்துக்கொண்டே, ஆனால் உறுதியாக, வெளியே ஆட்கள் இருக்கப் போட்டிருந்த மர வாங்கைக் கையால் காட்டினார். உள்ளே குடித்தவர்களுக்கு மட்டும்தான் இடம்.

நான் வாங்கில் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. சிங்களத்தில் ஒருவர் பேசினார், இன்னொருவர் பேசினார். ஒரு மணி நேரம் ஒன்றும் விளங்காமல் இந்த மனிதர் எப்படி இருக்கப் போகிறார், அவமானப்பட்டுத் திரும்பினால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது தமிழ் கேட்டது. நாயகம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னர், குடித்த கையோடு ஒரு எஞ்சினைப் பூட்டிக் கொடுத்திருக்கிறார். எண்ணெய் போகும் பைப்பின் கிளிப்பை இறுக்க மறந்துவிட்டார். நடுக்கடலில் பைப் கழன்று, எண்ணெய் முழுவதும் ஊற்றுப்பட்டு, சின்னராசா என்பவரும் அவருடைய தம்பியும் ஒன்றரை நாள் தண்ணியில்லாமல் மிதந்திருக்கிறார்கள். வேறொரு படகு கண்டு இழுத்து வந்திருக்கிறது. தம்பி அதற்குப் பிறகு கடலுக்குப் போகவே இல்லை. பைப் தானாக வெடித்தது என்று நாயகம் ஊருக்குப் பொய் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவு கேட்ட பிறகுதான், இதை நான் கேட்கக்கூடாது என்று புத்தி வந்தது. எழுந்து கேற்றடிக்குப் போய்விட்டேன். உள்ளே ஒருவரும் அவரை இடைமறிக்கவில்லை. நெடுநேரம் பேசினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். "கொஞ்சம் என்ர காதில விழுந்திட்டுது நாயகம்."

"பரவாயில்லை மிஸ்."

"மூண்டு புதன்கிழமை என்னட்டச் சொல்லேல்லையே?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் எழுதிக்கொண்டே இருப்பீங்கள் மிஸ். அங்க ஒருத்தருக்கும் விளங்காது எண்டு நினைச்சன், அதாலதான் வாய் வந்தது."

அன்றிலிருந்து, ஒருவர் பேசும்போது நான் பேனையைக் கையில் எடுத்ததில்லை. அவர் போன பிறகுதான் எழுதினேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

"அவையள் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் மோட்டச்சைக்கிளை வித்துக் குடிச்சதைச் சொன்னவர். 'விகுணுவா' எண்டா வித்தது. மோட்டச்சைக்கிள் எண்டா மோட்டச்சைக்கிள். மிச்சம் எனக்குத் தெரிஞ்ச கதைதானே."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். குச்சவெளியிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து சீனன்குடாவுக்கு இன்னொன்று. மழைக் காலத்திலும் போனார். ஒரு தரம் விழுந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். சொந்தக்காரரின் செத்தவீட்டில் குடித்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. றீற்றா பெட்டி கட்டிவிட்டார். ஆனால் அடுத்த ஞாயிறு காலை அவரே பஸ்ஸேறிப் போய், எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "நான் குடித்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். றீற்றா பெட்டியை அவிழ்த்தது அதைக் கேட்டுத்தான். "விழுந்ததுக்கு இல்லை மிஸ், போய்ச் சொன்னதுக்கு," என்றார் என்னிடம். நான் வேலையில் கண்ட தைரியங்களில் அதை மேலான இடத்தில் வைத்திருக்கிறேன்.

நான் என் பட்டியலைக் கிழித்தேன். பிறகு மூன்று மாதம், ஓய்வு கிடைத்த நாட்களில், அதிலிருந்த ஒவ்வொரு இடத்துக்கும் போய் வாசலில் நின்று பார்த்தேன். சில இடங்களில் ஆட்கள் மாறியிருந்தார்கள், சிலவற்றில் பூட்டு. ஓரிடத்தில் மாடு கட்டியிருந்தது. எத்தனை பேர் என் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த வாசல்களில் நின்றிருப்பார்கள், அவர்களில் எவருக்கும் என்னை அழைக்கத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். நாயகம் அழைத்தார். அது அவருடைய பெருந்தன்மை. என் திறமை அதில் ஒன்றும் இல்லை.

ஒரு வருடம் கழித்து நிலாவெளியில் ஒரு முன்பள்ளி அறையைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை பின்னேரங்களில் தமிழில் ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். முதல் சனி ஒருவரும் வரவில்லை. அந்த இழுவைப் படகுக்காரர் மட்டும் சீனன்குடாவிலிருந்து வந்து, சின்னப் பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்ட ஒரு மணி நேரம் இருந்திருக்கிறார். அடுத்த சனியும் வந்தார். நாலாவது சனி மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தன்னுடைய ஊரில் இப்படி ஒரு கூட்டம் இருந்தால் தான் போகவே மாட்டேன், அறிமுகமில்லாத இடம் என்றபடியால்தான் வந்தேன் என்றாராம். கிட்ட இருக்கும் இடம்தான் ஒருவருக்கு நல்லது என்று நாமாக முடிவு கட்டக்கூடாது என்பதை அந்த மனிதரிடமிருந்து கற்றேன்.

அந்த நாட்களில்தான் படகுக்காரர் ஒரு நாள் என்னிடம் தனியாக, சரளமான தமிழில் சொன்னார்: "மிஸ், நான் தமிழ் ஆக்களோட முப்பது வருசம் வேலை செஞ்சது. அந்த முதல் நாள் அவர் சொன்னது எல்லாம் எனக்கு விளங்கினது. சொன்னா வெக்கப்படுவார் எண்டு ஒருத்தருக்கும் சொல்லல்ல."

நானும் ரகசியமாகவே வைத்திருந்தேன். பல மாதம் கழித்து, பேச்சுவாக்கில் நாயகமே சிரித்துக்கொண்டு சொன்னார்: "அவருக்குத் தமிழ் தெரியும் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் மிஸ். பைப் கழண்டது எண்டு நான் சொல்லேக்க அவர் ஒருத்தர்தான் கண்ணை மூடினவர். பாதியில நிப்பாட்டேலாமல் சொல்லி முடிச்சனான்."

கடைசியாக அவர் என் அலுவலகத்துக்கு வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்னர். உதவி கேட்டு வரவில்லை, செய்தி சொல்ல வந்திருந்தார். சின்னராசா வீட்டுக்குப் போய், பைப் வெடிக்கவில்லை, நான்தான் இறுக்காமல் விட்டேன் என்று சொல்லியிருக்கிறார். தம்பி எழுந்து உள்ளே போய்விட்டான். சின்னராசா போ என்றுகூடச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து ஒரு காலையில் எஞ்சினைத் தோளில் தூக்கி வந்து நாயகத்தின் முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார். நாயகம் இரண்டு நாள் எடுத்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பூட்டினார். பிறகு கொண்டுபோய்ப் படகில் பொருத்திவிட்டு, "நானும் வாறன், ஓட்டிப் பாப்பம்," என்று சொல்லி ஏறியிருக்கிறார்.

கரை ஒரு கோடாகத் தெரியும் வரை போனார்களாம். அங்கே சின்னராசா தானாகவே எஞ்சினை நிறுத்தினார். கடல் சத்தம் மட்டும். சின்னராசா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, அதை நாயகத்திடம் நீட்டினார். பிறகு சொன்னார்:

"இப்ப நீ ஸ்டார்ட் பண்ணு."

"பண்ணினீங்களோ?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது தரம் கயித்தை இழுக்க ஸ்டார்ட் ஆயிட்டுது மிஸ்."

"முதலாவதில என்ன பிழை?"

"எஞ்சினில ஒரு பிழையும் இல்லை," என்றார் நாயகம். "எனக்குக் கண் தெரியேல்லை மிஸ், கயித்தைத் தவற விட்டிட்டன்."